அடிக்கடல் தண்ணீரின் வயது

ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் துணி அலமாரிக்குள் குந்தி உட்கார்ந்து, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொள்ள என்ன காரணம் இருக்க முடியும்? கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவள் கணவருக்கும் அதே சந்தேகம்தான்.

"என்ன, உள்ளயே குடித்தனம் போயாச்சா?"

"பழைய துணி தேடுறேன். நீங்க பேப்பரைப் படிங்க."

தேடியது துணியை அல்ல. செருப்புப் பெட்டிக்குள், சால்வையில் சுற்றி, ஒன்பது மாதமாக வெளிச்சமே படாமல் வைத்திருந்த கைக்கடிகாரத்தை. சால்வையைப் பிரித்தாள். கும்மிருட்டில் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகளும் இரண்டு முட்களும் பளிச்சென்று தெரிந்தன. சாதாரணச் சாயமாக இருந்தால் வாங்கி வைத்த வெளிச்சம் ஒரே ராத்திரியில் தீர்ந்து அணைந்திருக்கும். இது யாரிடமும் வெளிச்சம் கேட்காமல் தானாகவே எரிகிறது. அப்படியென்றால் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள்தான்.

அவளுடைய பிழைப்பே அந்த டிரிட்டியம்தான். அறுபது வருடங்களுக்கு முன்னால் வானத்தில் அணுகுண்டுகளை வெடித்து வெடித்துப் பார்த்தார்களே, அப்போது அது மழையோடு கலந்து கடலின் மேல்மட்டத்தில் இறங்கியது. அந்தத் தண்ணீர் எங்கே அமிழ்ந்து எவ்வளவு தூரம் ஓடினாலும் அந்தக் கதிரியக்க அடையாளம் கூடவே போகும். அதற்கு முன்பே ஆழத்துக்குப் போய்விட்ட தண்ணீரில் இருக்காது. ஆகவே ஒரு குப்பித் தண்ணீரை வைத்துக்கொண்டு, நீ எங்கிருந்து வந்தாய், கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தாய் என்று விசாரித்துவிடலாம். ஆனால் அந்த அடையாளம் கடுகிலும் கடுகு. ஒளிரும் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாலே போதும், அதிலிருந்து கசிவது தண்ணீரில் ஏறிவிடும். அதனால் கப்பல் கிளம்பும் முன் எல்லோரையும் நிற்கவைத்து, ஒளிரும் கடிகாரம் கூடாது என்று படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். பதினெட்டு வருடமாக அதைப் படித்துக் காட்டுவது அவள்தான். ஒரு சொட்டை வீணாக்க மாட்டாள் என்பதால் கப்பலில் அவளுக்குப் பெயரே சொட்டு.

அப்படிப்பட்ட சொட்டுதான், தண்ணீர் எடுக்கக் கப்பல் நின்ற கடைசி நிலையத்தில், நாலாயிரம் மீட்டர் ஆழத்துத் தண்ணீரைக் குப்பிகளில் பிடித்த அன்று, முழுக்கைச் சட்டைக்குள் இந்தக் கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்த நாள் அது. கேட்காமல் ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தராத மனுஷன், வழியனுப்பும்போது பெட்டிக்குள் இதைத் திணித்து, "அன்னிக்குக் கட்டிக்கோ, இருட்டுல மணி தெரியும்" என்றிருந்தார். சாதாரணச் சாயமாகத்தான் இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேபின் விளக்கை அணைத்து அரை நாள் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் நிஜம்.

ஆய்வு முடிவில், பல நூறு வருடக் கிழமாக இருக்க வேண்டிய அடித்தண்ணீர் நேற்றுப் பிறந்த குழந்தை போல வந்து நின்றது. பக்கத்து நிலையங்களில் அதே ஆழத்தில் எடுத்த தண்ணீரெல்லாம் கிழம் என்றே காட்டியது. அப்படியானால் தண்ணீர் பிடிக்க ஆழத்துக்கு இறக்கும் உருளையின் அடைப்பு சரியாக மூடாமல், மேல்தண்ணீர் புகுந்திருக்க வேண்டும் என்று தலைமை விஞ்ஞானி மேடம் தீர்மானித்தார். பழி உருளைகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு அடைப்பையும் நாலு தடவை திருகிப் பார்க்காமல் கயிற்றில் கட்ட மாட்டார் என்பதால் அவருக்குப் பூட்டு என்று பெயர். அவரைக் கரையிலிருக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் சொட்டு அவருக்கு எதிர் நாற்காலியில்தான் இருந்தாள். வாய்வரை வந்ததை மென்று முழுங்கினாள். அன்று வீட்டுக்கு வந்ததும் கடிகாரம் செருப்புப் பெட்டிக்குள் போனது.

மேடமே போன வாரம் மனம் இரங்கி, அடுத்த பயணத்துக்கு வரச் சொன்னாராம். பூட்டுதான் மாட்டேன் என்று கடிதம் கொடுத்துவிட்டார். இனி எந்தக் கப்பலிலும் ஏறப்போவதில்லை, தன் கையைத் தானே நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தாராம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேடம் அதில் கையெழுத்துப் போடுவார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே சொட்டு கிடங்குக்குப் போனாள். சாலைக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டடம் அது. ஆய்வுத் தண்ணீர் ஒரு சொட்டும் அங்கே வராது என்பதை இந்த முறை யோசித்துத்தான் கடிகாரத்தை எடுத்து வந்திருந்தாள். பூட்டு மேசையில் ஓர் அடைப்பைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு வாளித் தண்ணீர்.

"வா தங்கச்சி. இது அன்னிக்கு அடித்தண்ணி எடுத்த ஆறாம் நம்பர் உருளையோட அடைப்பு. தினம் சாப்பாட்டு நேரத்துல மாட்டி, முக்கிப் பாக்கறேன். ஒரு நாள்கூட ஒழுகினதில்ல."

"அண்ணே..."

"அப்ப சாமான்ல குத்தம் இல்ல, என் கையிலதான். நாலு தடவை திருகினது ஞாபகம் இருக்கு. அஞ்சாவது தடவை பாத்திருக்கணும்." பேசிக்கொண்டே அடைப்பைப் பூட்டி, ஒன்று, இரண்டு என்று திருகி, ஐந்தாவதையும் திருகினார். பிறகு சந்தேகம் வந்து, பிரித்து மறுபடி ஆரம்பித்தார். ஒன்பது மாதமாக இந்த மனுஷன் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, கதவைச் சாத்திட்டு லைட்டை அணைங்களேன்."

"எதுக்கு?"

"அணைங்க. சொல்றேன்."

ஜன்னல் இல்லாத அறை அது. விளக்கு அணைந்ததும் சால்வையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். பன்னிரண்டு புள்ளிகள், இரண்டு முட்கள். மணி ஒன்பது பத்து. அந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்பதால், "ஒம்பது மாசமா பெட்டிக்குள்ள இருந்தது அண்ணே. இப்பவும் எரியுது" என்றாள்.

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"கடைசி ஸ்டேஷன்ல கட்டியிருந்தியா?"

"ஆமா."

"என்னை இங்க மாத்தினாங்களே, அன்னிக்கே தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல இன்னும் இடம் இருந்தது. நிச்சயமாகத் தெரிந்தது நேற்றுத்தானே.

"சந்தேகம் இருந்தது. பயந்துட்டேன். இப்ப மேடம்கிட்டதான் போறேன். முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

அவர் விளக்கைப் போடவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பச்சை வெளிச்சத்தின் ஓரத்தில் அவர் கை மட்டும் தடவித் தடவிப் போய் அடைப்பை எடுத்தது. இருட்டுக்குள் திருகும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவதுக்காக அவள் காத்து நின்றாள். அடைப்பை மேசைமேல் வைக்கும் சத்தம்தான் கேட்டது.