கண்ணாடிக்காரி கடந்த பாலம்

கண்ணாடிக்காரி வண்டியோடு ஏறினால் மட்டும் அந்த ஆற்றுப்பாலம் நீளும். மற்றவர்கள் ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்துவிடும் பாலம்தான். அவள் ஏறியதும் இரண்டு கரையும் மறைந்துவிடும். விளக்குக் கம்பங்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். கீழே தண்ணீர் சத்தமில்லாமல் ஓடும். முன்னாலும் பின்னாலும் வேறு வண்டி இருக்காது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவள் தொழில். மாடி விளிம்பில் நின்று வேலை செய்யும்போது நடுங்காத கை, பாலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வியர்த்து வழுக்கும்.

எலக்ட்ரீஷியனான அவள் கணவர் இதை நம்பவில்லை. எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி, ஒருநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அக்கரையில் இறங்கியபோது நெஞ்சுவரை தாடி. கரையில் சில நிமிடங்களே ஆகியிருந்தன. நேராக முடிதிருத்தும் கடைக்குப் போனவர், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பஸ்ஸில் போகலாம்தான். கூட ஏறியவர்கள் எல்லாம் கிழடுதட்டி இறங்கினால் யார் பதில் சொல்வது என்று அவள் பயந்தாள். அக்கரை வாடிக்கைகளை விட்டுவிட்டாள். அங்கே குடியிருந்த தங்கைதான் இங்கே வந்துபோனாள். "உனக்குப் பாலம்னா பயம், எனக்கு உன் சமையல்னா பயம். இருந்தும் நான் வரேன் பாரு" என்பாள். வருஷங்கள் அப்படியே ஓடின.

பிறகு தங்கை வருவது நின்றது. அக்கரை மருத்துவமனையில் கொடுத்த மருந்தில் அவள் தலைமுடி முழுக்கக் கொட்டிப்போனது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, சாயங்காலம் தாங்குவதே கஷ்டம் என்று டாக்டர் சொன்ன அன்று, அவளே போன் செய்தாள்.

"அக்கா, உன் வீட்டுக்கு வரணும்போல இருக்கு. நீயே வந்து கூட்டிட்டுப் போறியா?"

கண்ணாடிக்காரி வண்டியிலிருந்த கண்ணாடிகளை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள். தனியாகக் கடந்த அந்தப் பாலத்தில் என்ன பாடுபட்டாள் என்று யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவமனைக்குள் நுழைந்தபோது முன்தலை நரைத்திருந்தது.

தங்கையை முன்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, புறப்பட்டுவிட்டதாகக் கணவருக்குப் போனில் சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறினாள். கரைகள் மறைந்தன. தங்கையின் மூச்சிரைப்பு அடங்கியது. வலியும் கரையோடு நின்றுவிட்டது.

"பயமா இருக்காக்கா?"

"இருக்கு."

"நல்லது. மெதுவாப் போ."

பசி எடுக்கவில்லை. அலுத்தபோது வண்டியை நிறுத்திக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேசினார்கள். சின்ன வயதுச் சண்டைகளை முதலிலிருந்து மறுபடி போட்டார்கள். தங்கையின் தலையில் முடி துளிர்த்து, காதை மறைத்து, தோளைத் தொட்டது. அக்கா அதைப் பின்னிவிட்டாள். ஒருநாள் தங்கை, "போதும்க்கா, வண்டியை எடு" என்றாள். அக்கா காதில் விழாததுபோல் இருந்தாள். பின்னல் இடுப்புவரை வளரும்வரை அப்படியே இருந்தாள். பிறகு வண்டியை எடுத்தாள். பாலம் இறங்கும் சரிவில் தங்கையின் தலை அவள் தோளில் சாய்ந்தது.

கணவர் பாலத்தடியில் காத்திருந்தார். "இப்பத்தானே கிளம்பறேன்னு சொன்னே" என்று ஆரம்பித்தவர், அந்தப் பின்னலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

விஷயம் மெல்லப் பரவியது. பேக்கரிக்காரர் சாகக்கிடந்த தன் அம்மாவை அழைத்துவந்தார். ஒரு டீச்சர் தன் கணவரைக் கூட்டிவந்தார். கண்ணாடிக்காரி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. கூட வருபவர்களையும் ஏற்றிக்கொண்டு, வழியில் அவர்கள் பேச்சில் தலையிடாமல் ஓட்டினாள். கை வியர்ப்பது மட்டும் நிற்கவில்லை. அவள் பயம் தெளிந்து பாலம் சுருங்கிவிடக் கூடாதே என்பதுதான் ஊரில் பலருக்கும் கவலை. வயது அவளுக்கு மட்டும் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. புதிதாக வருபவர்கள் எலக்ட்ரீஷியனைப் பார்த்து, உங்க அம்மா இருக்காங்களா என்று கேட்கிறார்கள். அவர் திருத்துவதில்லை. இருக்காங்க, உட்காருங்க என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துவர உள்ளே போகிறார்.