மச்சானின் காதெலும்பு

என் தங்கை புருஷன் தொல்லோ ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். ரோமுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய கால்வாய்க்குள் அவனும் நானும் ஒன்றாகத் தவழ்ந்து சேறு அள்ளியவர்கள். ஆஸ்பத்திரிக்குள் போனவன் முழுசாகத் திரும்புவான் என்று நான் நம்பியதே இல்லை. பிணத்தைக் குளிப்பாட்டும்போது என் தங்கை ஓர்சோலா பார்த்துவிட்டாள். இடது காதுக்குப் பின்னால் தையல், உள்ளே பஞ்சு.

"அண்ணே, எலும்பக் காணோம். கடைசி நாள்ல தேவதூதன் எக்காளம் ஊதுனா செத்தவங்க எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்க, இவரு காது கேக்காம குழிக்குள்ளயே கெடப்பாரு. போயி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் பாடையத் தூக்க விடமாட்டேன்."

பிணம் அறுக்கும் அறை ஆஸ்பத்திரிப் பின்கட்டில் இருக்கிறது. படி இறங்கும்போதே வெந்த கொழுப்பு நாற்றம் தொண்டையில் ஒட்டியது. அண்டாவில் ஏதோ கொதித்தது. மேலே மஞ்சளாய்க் கொழுப்பாடை படிந்திருந்தது. பக்கத்திலேயே வைத்தியர் பாந்தோல்ஃபி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். விரலில் வழிந்தது பாலாடைக்கட்டியா வேறெதுவா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

"தொல்லோவோட காதெலும்பக் குடுங்க."

"வாரும் பெரியவரே, இது ஒமக்குப் புடிச்ச சங்கதி." என் உடுப்பில் காய்ந்திருந்த கால்வாய்ச் சேற்றைப் பார்த்துவிட்டு, அறுத்த காதெலும்பு ஒன்றில் பன்றி மயிரை நுழைத்து மறுபக்கம் இழுத்தார். "மொகத்து நரம்பு இந்த வழியாத்தான் வளைஞ்சு வளைஞ்சு போவுது. உம்ம கால்வாய் மாதிரியே. இதுக்குப் பேரே கால்வாய்தான்."

"தண்ணி ஓடுதா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு அந்தப் பேரு? நாங்க கழுவுற கால்வாய்த் தண்ணிய ஊரே குடிக்குது. இதுலேர்ந்து ஒரு வாய் குடிப்பீரா?"

சிரித்தார். படித்தவன் சிரிப்பு எனக்கு ஆகாது.

"தொல்லோவுது எது?"

சிரிப்பு நின்றது. மண்சட்டியில் புளித்த திராட்சைக் காடிக்குள் எலும்புத் துண்டுகள் ஊறிக்கிடந்தன. சதை நூல்நூலாய் மிதந்தது. கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுதான்."

"சிலுவை மேல சத்தியம் பண்ணும்."

"எல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கு. அழுகப்போற ஒடம்புக்கு எதுவா இருந்தா என்னய்யா?"

காடியைத் தரையில் ஊற்றிவிட்டு, எலும்பு அத்தனையையும் என் தொப்பியில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினேன்.

"பெரியவரே, நாளைக்கு மாணவர்களுக்குப் பாடம் இருக்கு."

"அண்டாவுல வேகுதே, அதக் காட்டும்."

ஓர்சோலா தொப்பிக்குள் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினாள்.

"இதுல அவருது எது?"

"எவனுக்குத் தெரியும்? எல்லாத்தையும் கூட வையி. எக்காளம் ஊதுனதும் அவனவன் வந்து தன்னுதத் தேடி எடுத்துக்கட்டும்."

"வந்து சண்ட போட்டா?"

"போடட்டும். அவனுங்க உலுக்குற ஆட்டத்துல, காது கேக்காட்டியும் இவன் எப்படியும் முழிச்சிருவான்."

பிணத்தைப் போர்த்தியிருந்த துணிக்கடியில் ஓர்சோலா அவற்றைச் செருகிவிட்டு விலகி நின்றாள். பாடையைத் தூக்கினோம். கோயில் வரைக்கும் காடி நாற்றம்.