நாலாம் நம்பர் எண்ணெய்

ஷிபானைப் பற்றி இப்றாஹீம் முதலாளிக்கு இருந்த அபிப்பிராயம் ஒரே சொல்லில் அடங்கும். மோடன். முட்டாள் என்று இன்னொரு சொல்லைக்கூட அவனுக்காகச் செலவழிக்க அவருக்கு மனமில்லை. பதுளை பஸாரில் மூன்று மாடிப் புடவைக் கடைக்கு ஒரே வாரிசு. கடையில் உட்காரச் சொன்னால் முதுகு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலப் பக்கம் சேற்றில் ஜீப்பை உருட்டச் சொன்னால் சோறு தண்ணி வேண்டாம். அதுவும் என்ன ஜீப்! எவனோ கழித்துவிட்ட பழைய இரும்பு. அதற்குப் பச்சைப் பெயின்ட், இடுப்பு உயரத்துக்கு டயர், நெற்றியில் வரிசையாய் லைட். நாலு சில்லும் இழுக்கும் வண்டி என்று ஊரெல்லாம் தம்பட்டம். உண்மையில் முன் அக்ஸிலுக்குப் போகும் தண்டைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறான். ஏதோ ஒரு சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். பின்சில்லு இரண்டும்தான் இழுக்கின்றன. தூ, இதற்கொரு கிளப், அந்தக் கிளப்புக்கு இவன் தலைவன்!

அப்பேர்ப்பட்டவன் அவருடைய மகள் காமிலாவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். காமிலா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். தன் சம்பாத்தியத்தில் தம்பியைப் படிக்க வைக்கிறவள். அவளுக்கு இந்தச் சேற்று மாப்பிள்ளையா? மனைவி முஷ்ரிபாவுக்குச் சம்பந்தம் பிடித்துப்போய்விட்டது. காமிலா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வேண்டாம் வராததுதான் இப்றாஹீமுக்குப் பொறுக்கவில்லை. “கந்தூரி முடியட்டும், முடிவு சொல்றேன்” என்று வந்தவர்களிடம் சொல்லி அனுப்பினார்.

முடிவு அவருக்குள் எப்போதோ ஆகிவிட்டது. ஆனால் தகப்பன் தடுத்தான் என்று நாளைக்கு யாரும் விரல் நீட்டக்கூடாது. மகளே முகத்தைச் சுளித்துக்கொண்டு “இவனா, வேணாம்” என்று சொல்லவேண்டும். அதற்கு அவனுடைய மோட்டுத்தனத்தை அவள் தன் கண்ணால் பார்க்கவேண்டும். எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. வழியை அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

மர்ஸூக்கின் வண்டி எண்ணெய்க் கடையில் இப்றாஹீம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பகல். இப்றாஹீமுக்குச் சொந்தமாக லொறி மூன்று. இளமையில் தானே ஓட்டிய மனிதர். கடைக்கு வந்தால் ஏதாவதொரு போத்தலைத் திறந்து, இரண்டு விரலுக்கு நடுவே ஒரு துளியைத் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்து, பிடிக்காததுபோல் முகத்தைக் கோணிக்கொள்வது அவருக்கு ஒரு பெருமை. அப்போதுதான் ஷிபான் உள்ளே வந்தான். காற்சட்டை முழுக்கப் பொக்கெட், ஒரு பொக்கெட்டிலும் ஒன்றுமில்லை.

“அங்கிள், அஸ்ஸலாமு அலைக்கும்!”

அங்கிளாம். மாமா என்று கூப்பிட்டால் வாய் கோணிவிடுமோ? இப்றாஹீம் ஸலாமுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் பிளேன்டீயைப் பார்த்தார்.

“மர்ஸூக் நானா, ஜீஎல் ஃபோர் எண்ணெய் வேணும். ஃபுல் சிந்தெடிக். கியர் பொக்ஸுக்கு, பின் அக்ஸிலுக்கு, எல்லாத்துக்கும் அதேதான்.”

மர்ஸூக் தலையைச் சொறிந்தார். “கியர் பொக்ஸுக்கு நாலாம் நம்பர் சரி தம்பி. பின் அக்ஸிலுக்கு அஞ்சாம் நம்பர் தானே போடுவாங்க?”

ஷிபான் சிரித்தான். பாவம், ஒன்றும் தெரியாத மனிதர் என்று இரக்கப்படுகிற சிரிப்பு. “நானா, அந்த அஞ்சு பித்தளையத் தின்னும். கந்தகம் கூட. வாசத்துலயே தெரியல்லயா? எத்தனை வீடியோ பார்த்துட்டு வந்திருக்கேன் தெரியுமா! உள்ளுக்கு இருக்கிற பித்தளை வளையமெல்லாம் போயிரும்.”

அடேயப்பா, கேட்டவுடன் இப்றாஹீமுக்குச் சர்க்கரை இல்லாத பிளேன்டீ இனித்தது. இந்த மோடன் பாதியைப் பார்த்துவிட்டு வீடியோவை நிறுத்தியிருக்கிறான்! பித்தளை வளையம் இருப்பது கியர் பொக்ஸில். அங்கே அஞ்சாம் நம்பர் ஆகாது, மெய்தான். ஆனால் பின் அக்ஸிலுக்குள் ஏதடா பித்தளை? அங்கே இரண்டு இரும்புப் பல்சக்கரம் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு வழுக்கும். நடுவில் அந்த நாறுகிற கந்தக எண்ணெய் இல்லாவிட்டால் இரும்பை இரும்பு தின்னும். லொறியில் ஒரு மாதம் கிளீனராக இருந்தவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

மர்ஸூக் மறுபடி வாயைத் திறந்தார். “அது இல்ல தம்பி, அக்ஸில்ல வந்து...”

“மர்ஸூக்,” என்றார் இப்றாஹீம். “புள்ள எல்லாம் பார்த்து, படிச்சுட்டு வந்து கேக்குது. கேக்கிறதைக் குடுங்களேன்.”

“பார்த்தீங்களா நானா! அங்கிளுக்கு வெளங்குது!” ஷிபானுக்கு முகமெல்லாம் பல். வரப்போகிற மாமனாரின் ஒரு சொல் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், தங்க நிற டப்பாக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான்.

மர்ஸூக்குக்கு மனம் கேட்கவில்லை. “ஏன் அப்படிச் சொன்னீங்க? தெரியும் தானே உங்களுக்கு?”

“உடையட்டும். உடைஞ்சாத்தான் இதுகளுக்குப் புத்தி வரும்” என்றார் இப்றாஹீம். மீதி பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்தார். அன்றைக்கு வீட்டில் அவர் ஒருவரையும் ஏசவில்லை. முஷ்ரிபா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே ஒரு பெரியவர் அடங்கிய ஸியாரம் உண்டு. வருஷா வருஷம் அங்கே கந்தூரிச் சோறு. பதுளையிலிருந்து முஸ்லிம்கள் போவார்கள். லயங்களிலிருந்து தோட்டத்து ஆட்களும் பிள்ளை குட்டியோடு வந்து சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்காருவார்கள். அரிசி இப்றாஹீமின் வீட்டு நேர்ச்சை. வழக்கமாக அவருடைய லொறி அடிவாரம் வரை கொண்டுபோகும். அதற்கு மேலே தோட்டத்து ரோட்டில் யாகோப்பின் ட்ரெக்டர் ஏற்றிக்கொண்டு போகும். இந்த வருஷம் ஷிபான் வந்து நின்றான். “லொறி எதுக்கு, ட்ரெக்டர் எதுக்கு அங்கிள்? உங்க வாசல்ல ஏத்தினா ஸியாரத்து வாசல்லதான் எறக்குவேன்.”

“ஆகட்டும் மகன்” என்றார் இப்றாஹீம். மகன்! அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு முஷ்ரிபா அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

முஷ்ரிபாவும் மற்றப் பெண்களும் முந்தின நாளே சமையலுக்குப் போய்விட்டார்கள். டியூட்டி இருந்ததால் காமிலா தங்கிவிட்டாள். ஆகவே கந்தூரியன்று ஜீப்பில் மூன்றே பேர். ஷிபான் ஓட்டினான், பக்கத்தில் இப்றாஹீம், பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே காமிலா. ஜீப்புக்குப் போதுமான மூட்டை ஏறிய பிறகும், “இன்னும் ரெண்டு ஏத்துங்க, இது என்ன லேசுப்பட்ட வண்டியா?” என்று நின்று ஏற்ற வைத்தவர் இப்றாஹீம்தான்.

ஹாலிஎல தாண்டும்போதே அவருக்குக் கேட்டுவிட்டது. பின்னாலிருந்து ஒரு முனகல். வேகம் கூடினால் கூடும், காலை எடுத்தால் அடங்கும். எண்ணெய் மாற்றி வாரக்கணக்கில் சேற்றில் குதித்திருக்கிறான் அல்லவா, பல்லெல்லாம் சுரண்டுபட்டிருக்கும். இப்றாஹீம் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கஸீதாப் பாட்டுக் கேட்பவர்போல் அந்த முனகலைக் கேட்டார்.

“என்ன சத்தம் அது?” என்று பின்னாலிருந்து காமிலா கேட்டாள்.

“பெரிய டயர் தானே, ரோட்டுச் சத்தம்” என்றான் ஷிபான். “இல்லையா அங்கிள்?”

“ஓ, டயர்தான்” என்றார் இப்றாஹீம்.

பண்டாரவளை போய், ஹப்புத்தளை போய், ஹல்துமுல்லையில் இறங்கித் தோட்டத்து ரோட்டில் திரும்பியபோது முனகல் அழுகையாகியிருந்தது. அடிவாரத்தில் யாகோப்பு ட்ரெக்டரை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். “முதலாளி, மழ பேஞ்சு மேல ரோடு சரியில்லைங்க. மூட்டைய நம்ம ட்ரெக்டர்ல போடுங்க.” ஷிபான் கையை அசைத்துவிட்டு மேலே விட்டான். இப்றாஹீமும் கையை அசைத்தார். இப்போதாவது, பின்னால் உட்கார்ந்திருக்கும் மகளை இறக்கி ட்ரெக்டரில் ஏற்றிவிட ஒரு நொடி போதும். ஏற்றவில்லை. ஏன் ஏற்றவேண்டும்? ஏறுகிற வழியில் வண்டி நின்றுபோகும். அவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். அவள் பார்ப்பாள். அந்தக் காட்சிக்காகத்தானே இத்தனையும்!

இரண்டாம் வளைவு மேட்டில் பின்னால் டமார் என்று ஒரு சத்தம். எஞ்சின் வீறிட்டது, சில்லு சுற்றவில்லை. ஜீப் நின்றது. அப்புறம் பின்னுக்குப் போகத் தொடங்கியது.

ஷிபான் ஹேன்ட்பிரேக்கை இழுத்தான். அது சும்மா வந்தது. இந்தப் பழைய ஜீப்பில் ஹேன்ட்பிரேக் பிடிப்பது சில்லை அல்ல, பின் அக்ஸிலுக்குப் போகும் தண்டை. அக்ஸில் உடைந்தால் ஹேன்ட்பிரேக்கும் செத்தது. இது இப்றாஹீமுக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். அவனைக் கேவலப்படுத்தும் அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஷிபான் எழுந்து நின்று கால் பிரேக்கை மிதித்தான். மூட்டைகளின் பாரத்தில், ஈரச் சரளையில் சில்லு பூட்டியபடியே ஜீப் வழுக்கியது. வலது பக்கம் பள்ளம், கீழே தேயிலை.

“காமிலா! இடப்பக்கமாக் குதிங்க! குதிங்க!”

குதித்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் குதித்தவர் ஒருவர் இருந்தார். எப்போது கதவைத் திறந்தார், எப்போது ரோட்டில் விழுந்தார் என்று இப்றாஹீமுக்கே தெரியாது. எழுந்து பார்த்தபோது காமிலா கல்லைப் புரட்டிச் சில்லுக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜீப்பின் பின்பக்கம் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தது. ஷிபான் இன்னும் உள்ளேதான். இரண்டு காலும் பிரேக்கில், முகத்தில் இரத்தமில்லை. இரண்டாவது கல்லும் விழுந்த பிறகுதான் இறங்கினான். இறங்கியதும் நேராக அவரிடம் வந்தான்.

“அங்கிள், அடி பட்டிச்சா?”

அதைத்தான் இப்றாஹீமால் தாங்க முடியவில்லை. இந்த மோடன் இவரை விசாரிப்பதா! முழங்கை எரிந்தது, மகளுக்கு முன்னால் குதித்த வெட்கம் அதைவிட எரிந்தது. எல்லாம் சேர்ந்து வாயைத் திறந்துவிட்டது.

“நாலாம் நம்பர் எண்ணெய்! பின் அக்ஸிலுக்கு எவனாவது நாலாம் நம்பர் போடுவானா? பித்தளையாம் பித்தளை! அக்ஸிலுக்குள்ள ஏதுடா பித்தளை? மர்ஸூக் கடையில நீ கேட்டப்பவே தெரியும் எனக்கு, இது உடையும்னு! ஹாலிஎலயில முனகினப்பவே தெரியும்! பார்த்துக்கோ மகள், நல்லாப் பார்த்துக்கோ! இதுதான் உங்க உம்மா பார்த்த மாப்பிள்ளை!”

ஷிபான் தலையைக் குனிந்தான். “மர்ஸூக் நானா சொல்ல வந்தாரு. நான்தான் கேக்கல்ல” என்றான். அவ்வளவுதான் சொன்னான். குனிந்து, கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய அரிசியை அள்ளத் தொடங்கினான்.

காமிலா ஷிபானைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தாள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

“உங்களுக்குத் தெரியுமா வாப்பா?”

“தெரியாம? இத்தனை வருஷமா லொறி...”

“ஹாலிஎலயில நான் கேட்டேனே, என்ன சத்தம்னு. டயர்னு சொன்னீங்க.”

இப்றாஹீம் முழங்கையைத் துடைத்துக்கொண்டார். முதலில் குதித்தது யார் என்று அடுத்துக் கேட்பாள் என்று பயந்தார். வயசாகிவிட்டது, தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு பதிலும் தயார் செய்தார். அவள் அதைக் கேட்கவேயில்லை. கேட்காமல் விட்டது அவரை இன்னும் சிறுத்துப்போகச் செய்தது.

“அவரு மோடன்தான் வாப்பா,” என்றாள், ஷிபானுக்குக் கேட்கும்படியே. “அது எனக்கும் தெரியும். ஆனா மோடனுக்குச் சொன்னா வெளங்கும். நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என்னைப் பின்னால உக்கார வச்சீங்க. கந்தூரி முடிஞ்சு நீங்க ஒண்ணும் முடிவு சொல்ல வேணாம். உம்மாக்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

“என்னன்னு?”

“சரின்னு.”

அள்ளிக்கொண்டிருந்த அரிசி ஷிபானின் கையிலிருந்து மறுபடி சிந்தியது. அதையும் சரியாக அள்ளத் தெரியவில்லை அவனுக்கு. “மோடன்” என்று இப்றாஹீமுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை.

சத்தம் கேட்டு யாகோப்பு ட்ரெக்டரோடு மேலே வந்துவிட்டான். “மாதாவே! யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே?” என்று பதறிக்கொண்டு இறங்கினான். ஷிபானும் அவனுமாக மூட்டைகளை மாற்றி ஏற்றினார்கள். காமிலா மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். ஷிபான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் தொற்றினான். இப்றாஹீமும் ஏறுவதற்காக ஒரு காலை வைத்து, மகளிடம் கையை நீட்டினார். அவள் கையைப் பிடித்து அவரை ஏற்றிவிட்டாள். முறையாக, மரியாதையாகத்தான் ஏற்றிவிட்டாள்.

பிறகு முன்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“யாகோப்பு அண்ணே, ட்ரெக்டர் பிரேக்கெல்லாம் நல்லா இருக்கா? நீங்களே பார்த்துக்கங்க. எங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாரு.”