சீர்த் தட்டில் பாதாம்

அடைக்கப்ப செட்டியார் செய்த காரியத்தை என்னவென்று சொல்ல? மகளுக்கான மருந்தைக் கொண்டுபோய்ச் சீரோடு சீராக வைத்தார். தகப்பன் என்று இருக்கிற எவனாவது இப்படிச் செய்வானா?

மகள் கண்ணம்மை தலைச்சன் பிள்ளை உண்டாகி, மாசித் திருவிழாவுக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். நாலு படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. புதுக்கோட்டையில் லேடி டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையே. மாத்திரை மட்டும் போதாது. ராத்திரி பாதாமை ஊறப் போட்டு, காலையில தோலுரிச்சு, வெண்ணெய் மாதிரி அரைச்சுப் பால்ல கலந்து குடுங்க. தாய்க்கும் தெம்பு, பிள்ளைக்கும் எலும்பு பிடிக்கும். பேறுகாலத்துக்குள்ள இவ தேறணும்."

கண்ணம்மையைப் பெற்றவளும் இப்படித்தான் வெளுத்துப்போய், இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள்.

திருவிழா முடிந்து மகள் புருஷன் வீடு திரும்புமுன், காரைக்குடிக் கடையில் நல்ல பாதாமாகப் பொறுக்கி வாங்கினார். வாங்கியவர் நேரே ராயவரத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போய், 'என் மகளுக்கு உடம்பில் ரத்தமில்லை, இதை அரைத்துக் கொடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்வாரா? சீக்காளிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பங்காளி வீடெல்லாம் பேசுமே! வெள்ளிச் சம்புடத்தில் நிரப்பி, பழம் பலகாரச் சீரோடு அனுப்பிவைத்தார். வீட்டில் இருந்தால் மகள் தின்னாமலா போவாள் என்று நினைப்பு.

ஒரு மாதம் போல் பொறுத்து, மகளுக்குக் கன்னம் பூரித்திருக்கும் என்ற ஆசையோடு பஸ் ஏறினார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்த மகளைப் பார்த்தார். உதடுகூட வெளுத்திருந்தது.

மகளின் மாமியார் சிகப்பி ஆச்சி பொல்லாதவள் இல்லை. பொல்லாதவளாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

"வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீக. இங்கிட்டு ஒக்காருங்க" என்று தானே பாயை விரித்தாள். "நீங்க அனுப்பின சீரை வளவு முற்றத்துல பரப்பினப்ப, பாதாமைப் பாத்துட்டுப் பங்காளி வீட்டுப் பொம்பளைக வாயில கை வச்சுட்டாக. ஆத்தா கண்ணம்மை, ஒன் அப்பச்சிக்குப் பாதாம்பால் கொண்டா."

அவர் வாங்கிய பாதாம். கண்ணம்மை அரைத்தது. வெள்ளி டம்ளர் நிறைய அவர் முன்னால் வந்தது.

"எனக்கு எதுக்கு ஆச்சி? பிள்ளைத்தாச்சிக்கு ஒரு வாய்..."

"அவளுக்கு ஆகாதுண்ணே, சூடு. பிள்ளை பெருத்துட்டா அவதானே கெடந்து அவதிப்படணும்? ஒங்க மாப்பிள்ளைக்குத் தெனம் குடுக்குறேன். வர்ற விருந்தாளுகளுக்கும் ஒங்க பேரைச் சொல்லிக் குடுக்குறோம்."

டாக்டர் சொன்னதைச் சொல்லவேண்டும். சொன்னால், டாக்டரிடம் எதற்குக் காட்டினீர்கள் என்று கேள்வி வரும். பாதி குடித்துவிட்டு டம்ளரை மகள் பக்கம் நகர்த்தினார்.

"வயிறு நெறஞ்சுபோச்சுத்தா. மிச்சத்தை நீ குடி."

சிகப்பி ஆச்சியின் முகம் சுண்டியது. "நல்லா இல்லையாண்ணே? பொண்ணு குடுத்தவுக எங்க வீட்ல மிச்சம் வச்சா எங்களுக்கு என்ன மரியாதை?"

கண்ணம்மையே டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "குடிங்கப்பச்சி."

குடித்தார். மகளின் கண் டம்ளரை விட்டு நகரவில்லை. பாவி மனுஷன், அதைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கிளம்பும்போது வாசலில் மகள் மட்டும் நின்றாள். செட்டியார் குரலைத் தாழ்த்தினார். "ஒன் மாமியாகிட்ட உள்ளதைச் சொல்லிரவாத்தா?"

"வேணாம்ப்பச்சி. ஊருக்கே பரப்பிக் காட்டின சீரை இப்ப மருந்துன்னு சொன்னா, சீக்கை மறச்சுக் கட்டிக் குடுத்துட்டாகன்னு பேசுவாக. நீங்க பஸ் ஏறிப் போயிருவீக. நான்தானே இங்க இருக்கணும்?"

"அப்ப ஒரு கைப்பிடி துண்டுல முடிஞ்சு, ஒனக்குன்னு தனியா..."

"ஒளிச்சுத் தின்னான்னு பேரு வரும்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணம்மை சிரிக்கப் பார்த்தாள். "ஒண்ணுமே திங்காம இல்லப்பச்சி. அரைச்சு வழிக்கிறப்ப வெரல்ல ஒட்டுறதை நக்கிக்கிறேன்."

உள்ளேயிருந்து சிகப்பி ஆச்சி வந்தாள். "அண்ணே, சம்புடத்துல அடி தெரியுது. அடுத்த தடவை வாரப்ப மறந்துறாதீக."

"ஆகட்டும் ஆச்சி."

திருமயம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஏலக்காய் வாசனை இன்னும் வாயிலேயே இருந்தது. இந்தத் தடவை இரண்டு பங்காக வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மாப்பிள்ளை குடிக்கட்டும், வருகிறவன் போகிறவன் எல்லாம் குடிக்கட்டும். நிறைய அரைத்தால் விரலில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டும்.