தையல் அறைக் குமிழ்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னது நான். நம்பியவள் இப்போது பக்கத்து அறையில் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருக்கிறாள். என் மனைவி. நான் எழுதுவதில் ஒரு வரி விடாமல் படித்துவிடுவாள். ஆகவே கதை முடிந்தால் என் குட்டும் வெளிப்பட்டுவிடும்.

2

முதல் தொடக்கம்: ‘அந்தக் கலையரங்கின் குளிரைக் கேள்விப்பட்டுப் பனிக்கரடிகள் வேலைக்கு விண்ணப்பித்தன...’

(அடித்துவிட்டேன். ஒரே ஒரு கரடிதான். அதுவும் நேர்காணலுக்கு வரவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: நான் அரங்கின் பராமரிப்பு மேலாளர். விளக்கு, லிஃப்ட், கழிப்பறை, ஏசி எல்லாம் என் தலையில். ஒழுங்காக ஓடினால் அப்படி ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சிக்கு முன்பே காலி அரங்கை நடுங்க நடுங்கக் குளிரவைக்க வேண்டும். வந்து உட்காரும் பத்தாயிரம் பேரும்* ஆளுக்கொரு சின்ன அடுப்பு அல்லவா?

*சரி, எண்ணூற்று இருபது.

மேடைக்குப் பின்னால் இருந்த தையல் அறைக்கும் அதே குழாயில்தான் காற்று. கடைசி நிமிடத்தில் கிழியும் உடைகளைத் தைப்பவள் அங்கே இருந்தாள்.

“சார், விரல் மரத்துப்போச்சு. ஊசியில நூல் கோக்க முடியல. நான் என்ன, ஃப்ரிட்ஜுல வெச்ச கத்திரிக்காயா?”

அவளுக்காகக் குளிரைக் குறைத்தால் அரங்கமே வெந்துவிடும். அதனால் அவள் அறைச் சுவரில் வட்டக் குமிழோடு ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினேன். பின்னால் ஒயர் கிடையாது. வெறும் சுவர்.

“உங்களுக்குன்னே வெச்சதும்மா. வலது பக்கம் திருப்புனா சூடு.”

திருப்பினாள். “அப்பாடா! இப்பதான் உயிரே வந்துச்சு.”

மிஞ்சிய வெல்வெட்டில் அதற்கு ஓர் உறைகூடத் தைத்துப் போட்டாள். எனக்கு மனசு உறுத்தியது. தினமும் போய்க் கேட்பேன்: “இப்போ சரியா இருக்கா?”

“இருக்கு சார். உக்காருங்க.”

எட்டு வருடம்.

3

ஒன்பதாம் வருடம் புது ஏசி இயந்திரம் வந்தது. ஒவ்வோர் அறைக்கும் தனிக் கட்டுப்பாடு. ஓடிப்போய் அவள் குமிழுக்கு நிஜமாகவே ஒயர் இழுத்தேன். பாரம் இறங்கியது. போய்க் கேட்பதையும் நிறுத்திவிட்டேன்.

பத்தாம் நாள் இயந்திர அறைக்கே இறங்கி வந்துவிட்டாள்.

“குமிழ் முன்ன மாதிரி இல்ல சார்.”

“ஏன், சூடு வரலையா?”

“சூடெல்லாம் வருது. முன்ன மாதிரி இல்ல, அவ்ளோதான்.”

ஐம்பத்தெட்டு வயதில் மாப்பிள்ளை ஆனேன். ‘எனக்குன்னு குமிழ் வெச்ச மனுஷன்’ என்று இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். அந்த எட்டு வருடமும் அதன் பின்னால் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால் அவள்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தைரியம் இல்லை.)

4

இங்கே எனக்கே அவள்மேல் ஒரு சந்தேகம். இவ்வளவு வாய்த்துடுக்கானவள் அவ்வளவு லேசில் ஏமாறுவாளா? வாசகர் கேட்பாரே! சமாளிக்க ஒரு பத்தி எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த உறை ஞாபகம் வந்தது.

குமிழுக்கு மட்டும் துளை விட்டு, பெட்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து மூடித் தைத்த உறை. ஒயர் இழுத்த அன்று அதை உருவ, நான் பெட்டியையே சுவரிலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. இரண்டு திருகாணி.

அப்படியென்றால், அவள் அதை மாட்டியது எப்படி?

பேனாவை வைத்துவிட்டேன். எட்டு வருடமாக அவளைச் சூடாக வைத்திருந்தது எது என்று இந்த மரமண்டைக்கு இப்போதுதான் உறைக்கிறது.

5

முடிவு ஒன்று: கேட்டுவிடுகிறேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

முடிவு இரண்டு: கேட்டுவிடுகிறேன். “எட்டு வருஷமா நடுங்கவிட்டீங்களே!” என்று காதைத் திருகுகிறாள்.

வாசகரே, இந்தப் பக்கத்தின் ஓரத்தில் உங்களுக்கென்றே ஒரு குமிழ் வைத்திருக்கிறேன். பிடித்த பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். பின்னால் ஒயர் இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால், தயவுசெய்து ஓர் உறை தைத்துப் போடுங்கள்.

பக்கத்து அறையில் தையல் இயந்திரச் சத்தம் நின்றுவிட்டது. எழுந்து போகிறேன். வாசலில் நின்று நான் கேட்கப்போவது ஒன்றுதான்: “இப்போ சரியா இருக்கா?”

அவள் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் உட்காரப் போகிறேன்.