தொண்ணூற்றிரண்டு படி

முப்பதாவது படியில் அற்புதராணி வலது காற்செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது முன்னால் ஏறிக்கொண்டிருந்த, புருசனின் அண்ணன் தேவராசாவின் முதுகில் பட்டது. குறி பார்த்து எறியவில்லை என்று அவள் பிறகு சொல்லக்கூடும், நம்ப வேண்டாம்.

"என்ன பிள்ளை, கல்லுச் சுடேல்லையோ?" திரும்பாமலே கேட்டார் அவர்.

"முப்பது. எண்ணிக்கொண்டுதான் வாறன் அத்தான். தொண்ணூற்றிரண்டுக்கு ஒண்டு கூடினாலும் குறைஞ்சாலும் உங்களை இதாலை உருட்டி விடுவன்."

குருநகர்ச் சனம் மலை கண்ட சனம் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஆக உயர்ந்தது தண்ணீர்த் தாங்கி. அதிலும் ஏற விடமாட்டார்கள். அந்த ஊரில் மலை ஏறினேன் என்று சொல்லித் திரிந்தவர் தேவராசா ஒருவர்தான். அவர் சொன்னால் ஆர் நம்புவது? வலது கையில் அவருக்குச் சுட்டுவிரல் இல்லை. அதைச் சுறா கடித்ததாம். உப்புப் போதாதென்று திருப்பித் துப்பியதாம். இன்றைக்கும் அரியாலைப் பக்கம் அவரைக் கண்டால் அந்தச் சுறா வெட்கப்பட்டு ஒதுங்கிப் போகுமாம். விரல் ஐஸ் உடைக்கிற மெசினில் போனது ஊருக்கே தெரியும். விரல் இல்லாததால் அவர் வலையில் போடும் முடிச்செல்லாம் இடப்பக்கம் சரிந்துதான் நிற்கும். அற்புதராணி, தம்பி பெண்சாதி, அந்த முடிச்சுகளைக் கண்ட இடத்தில் திட்டிக்கொண்டே அவிழ்த்துத் திருப்பிப் போடுவாள்.

சுறாக் கதை சொன்ன தேவராசாவின் அந்த வாய்தான் பதினேழு வருடத்துக்கு முன் வன்னியிலிருந்து தனியே வந்து, "றெஜியைப் பாம்பு கடிச்சிட்டுது" என்றது. அண்ணன் தேவராசாவும் தம்பி றெஜியும் முல்லைத்தீவுக்குக் கடற்றொழிலுக்குப் போய், சண்டைக்குள் அகப்பட்டு, காட்டுக்குள்ளால் ஓடிய நேரம். "நடுக்காட்டிலை ஒரு மலை. மேலை பழைய இடிபாடு. தொண்ணூற்றிரண்டு படி. உச்சியிலை கல்லுத் தொட்டி, வத்தாத தண்ணி. மேற்குப் பக்கம் முறிஞ்ச தூண். தூணடியிலை குழி வெட்டித் தாட்டனான்."

இதுவும் சுறாக் கதைதான் என்று அற்புதராணி அன்றே முடிவுகட்டினாள். மனுசனை ஆரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். தாலியைக் கழற்றவில்லை. றெஜியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, காணாமற்போனவர்களைத் தேடும் பெண்களோடு தெருவோரப் பந்தலில் வெயிலென்றும் மழையென்றும் குந்தியிருந்தாள். போன மாதம், மரணப் பத்திரத்துக்குத் தேவராசா சாட்சிக் கையெழுத்து வைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போய், கடுதாசியை அவர் முகத்துக்கு முன்னாலேயே கிழித்தாள்.

"முதல்லை மலையைக் காட்டுங்கோ. பிறகு கையெழுத்து வையுங்கோ."

இப்போது மலையடி வரைக்கும் றோட்டு இருக்கிறதாம். தேவராசா மறுத்துவிட்டார். "றோட்டாலை போனா மலை முதுகைக் காட்டும். எனக்கு அதின்ரை முகம்தான் தெரியும்."

ஆகவே மூன்று நாள் நடை. முன்னால் தேனெடுக்கிற ஏரம்பு, கையில் கத்தி, வாயில் வெற்றிலை. பின்னால் இந்த இரண்டு பேரும், வழிநெடுகச் சண்டை. தேவராசா சொன்ன ஆறு, குருநகர் ஜெட்டியைப் போல இரண்டு மடங்கு அகலமாம், செருப்பு நனையாமல் தாண்டுகிற வாய்க்காலாக இருந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய பாலைமரத்தை அவள் தனியே கட்டிப்பிடித்து நின்று, "மற்றப் பதினொரு பேரும் எங்கை அத்தான்?" என்று கத்தினாள்.

"மரம் கவலையிலை மெலிஞ்சு போச்சு, பிள்ளை."

பிடிபட்ட ஒவ்வொரு பொய்க்கும் செபமாலையில் ஒரு மணி தள்ளினாள். மூன்றாம் நாள் காலை முப்பத்தெட்டு மணி. இது என்ன செபம் என்று மாதாவுக்கு விளங்கியிராது. அற்புதராணிக்கு விளங்கியது: எவ்வளவு பொய்யோ அவ்வளவுக்கு றெஜி உயிரோடு. காலில் கொப்புளம் உடைந்தும் நடை விரைந்ததே தவிரக் குறையவில்லை.

எண்பத்தொன்பது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று.

தொண்ணூற்றிரண்டுக்கு மேல் படி இல்லை.

அவள் காலால் துழாவினாள். மண் மூடிய இன்னொரு படி இருக்கக்கூடும். இல்லை. மேலே வேர் பிளந்த செங்கல் மேடு. எந்த ராசா கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு ராசாவைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். கட்டினவன் ஒருத்தனும் சாட்சிக்கு வரவில்லை. நடுவில் கல்லுத் தொட்டி. ஆவணி வெயிலில் காடே காய்ந்து கிடக்க, அதில் தண்ணீர். அவள் கையை விட்டுப் பார்த்தாள். குளிர்ந்தது. அவர் சொன்னபடியே இருந்ததில் அவளுக்குக் கொதி ஏறியது.

தேவராசா மேற்குப் பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, பிழைச்சுப் போச்சு. இது அந்த மலை இல்லை."

மூன்று நாளில் அவர் சொன்னதில் அவள் மணி தள்ளாத பொய் அது ஒன்றுதான்.

"ஏரம்பண்ணை, இந்தக் காட்டிலை வேறை மலை இருக்கோ?"

ஏரம்பு வெற்றிலையைத் துப்பிவிட்டு நிலத்தைப் பார்த்தான். "இதொண்டுதான், தங்கச்சி."

அவரைத் தள்ளி விழுத்திக்கொண்டு போனாள். முறிந்த தூண். அதன் இடுப்பில் நீல நைலோன் வலைநூல் மூன்று சுற்று. வெயிலில் வெளிறியிருந்தது, அறவில்லை. நடுவில் ஒரு முடிச்சு, இடப்பக்கம் சரிந்து.

திரும்பி வந்து, விழுந்து கிடந்தவரின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "சுறாவுக்குப் பொய் வந்துது! மரத்துக்குப் பொய் வந்துது! இதுக்கு ஒரு பொய் வரேல்லையோ உங்களுக்கு? கப்பலேறிப் போட்டான், வேறை பெட்டையோடை ஓடிப்போட்டான் எண்டு சொல்லியிருக்கலாமே!"

"தெண்டிச்சுப் பாத்தனான், பிள்ளை. பொய் வரேல்லை."

அவள் மூச்சு வாங்கினாள். பிறகு தூணுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"இப்ப சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"உங்கடை இல்லையெண்டால், இது ஆரின்ரை முடிச்சு எண்டு. வடிவாச் சொல்லுங்கோ. இடையிலை பிடிபட்டீங்களெண்டால் மற்றச் செருப்பும் வரும்."

தேவராசா எழுந்து செங்கல் மேட்டில் இருந்தார். சாரத்து நுனியால் முகத்தைத் துடைத்துத் தொண்டையைச் செருமினார். "அது வந்து, பிள்ளை... என்னைப் போலை விரலில்லாத ஒருத்தன் சாவகச்சேரியிலை இருந்தவன்..."

அவள் கை தன்பாட்டில் முடிச்சுக்குப் போயிற்று. அவிழ்ந்து கொடுக்கும் இடத்தைப் பழக்கத்தில் கட்டைவிரல் கண்டுபிடித்தது. அவிழ்க்காமல் அங்கேயே நின்றது.