சர்க்கரைக்குக் காத்திருந்த டீ

அது வெள்ளிக்கிழமைதானா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. உதாரணங்கள் நாற்பதா, நாற்பத்திரண்டா என்பதிலும் சந்தேகம்தான். நாற்பது என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு கணினி மொழிக்கான பாடநூலை இன்னொரு கணினி மொழிக்கு மாற்றும் வேலை. நாலு மணிக்குள் கடைசி அத்தியாயத்தின் உதாரண நிரல்கள் கணினியில் பிழையில்லாமல் ஓடினால் அட்டையில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் வரும். இல்லையென்றால் அத்தியாயமும் கிடையாது, பெயரும் கிடையாது என்று பதிப்பாசிரியர் சொல்லியிருந்தார். ஏழு வருடமாக அடுத்தவர் பெயரில் வந்த புத்தகங்களுக்கு உழைத்தவள் அவள்.

மூன்று மணிக்கே நாற்பதும் ஓடிவிட்டன. சரிபார்ப்பவள் அவளுடைய நாத்தனார்தான். எதிர்மேசையிலிருந்து முகத்தைச் சுளித்தாள்.

“ஒரு தப்புகூட வரலையா அண்ணி? எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“நான் நல்லா இருந்தாலே உனக்குச் சந்தேகம்தான்.”

பதிப்பாசிரியர் வந்து டீ போடும் உதாரணத்தை ஓட்டினார். திரையில் டீ வரவில்லை. ‘ஃபங்ஷன்’ என்று ஒரு சொல் மட்டும் வந்தது.

“டீ எங்கம்மா?”

அவள் அந்த உதாரணத்தின் வரிகளை மேலிருந்து கீழே படித்தாள். பழைய மொழியில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லாவிட்டால், இல்லை என்று அதுவே எடுத்துக்கொள்ளும். புது மொழி அப்படியல்ல. தண்ணீரையும் தூளையும் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றாவதான சர்க்கரையைக் கேட்கும் புது ஃபங்ஷனாக, அதாவது இன்னும் ஓட்டப்படாத செய்முறையாக, மாறி உட்கார்ந்துவிடும். எதுவுமே ஓடவில்லை, பிறகு பிழை எங்கிருந்து வரும்?

“காத்துட்டிருக்கு சார்.”

“எதுக்கு?”

“சர்க்கரைக்கு.”

“மத்த முப்பத்தொன்பது?”

“அதுங்களும்தான். ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒண்ணைக் குடுக்காம விட்டிருக்கேன்.”

“எங்க அண்ணன் மாதிரியே இருக்கே!” என்றாள் நாத்தனார். “பாதி சொன்னா தலையாட்டிட்டு உட்கார்ந்திருப்பான். ஏன்னும் கேக்க மாட்டான், செய்யவும் மாட்டான்.”

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஆளுக்கு இருபது. விடுபட்டதைக் கொடுத்ததும் பிழைகள் கொட்டத் தொடங்கின. நாலு மணிக்கு முப்பத்திநாலு ஓடின.

“ஆறைத் தூக்கிடுவோம். அத்தியாயம் இருக்கட்டும்,” என்றார் பதிப்பாசிரியர்.

“பேரு சார்?” என்றாள் அண்ணி.

“பாதி என்னுது,” என்றாள் நாத்தனார். அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள்.

புத்தகம் இரண்டு பெயர்களோடு வெளிவந்தது. பதிப்பாசிரியர் அடுத்த வருடம் ஓய்வுபெற்று மகள் வீட்டுக்குப் போனார். நாத்தனார் வேறு கம்பெனியில் சேர்ந்தாள். அண்ணி இப்போது தன் பெயரில் வரும் மூன்றாவது புத்தகத்தின் வேலையில் இருக்கிறாள்.